ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்தால் கழற்றாதீர்கள்: வயரிங் தொழிலில் இருப்போருக்கு ஒரு திறந்த மடல்

வீடுகளுக்கு வயரிங் செய்கிற, டி.பி. பெட்டி (வீட்டு மின்சாரம் லைன் லைனாகப் பிரிகிற பெட்டி) மாட்டுகிற, ‘கரண்ட் சும்மா சும்மா போகுது, வந்து பாருங்க’ என்று அழைப்பு வந்ததும் டெஸ்டரை எடுத்துக்கொண்டு கிளம்புகிற தொழில் தோழர்களுக்கு,

வணக்கம்.

நானும் இதே வேலையில் தலை நரைத்தவன். சில வாரங்களுக்கு முன் ஒரு வீட்டில் பார்த்தது மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த மடல். நமக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் புதியவர்களுக்காக ஒரு வரி: ஆர்.சி.சி.பி. என்பது மின்சாரம் எங்காவது கசிந்தால் தானாகத் துண்டிக்கும் கருவி, அப்படித் துண்டிப்பதைத்தான் ‘விழுவது’ என்கிறோம்.

“பாத்ரூம் குழாயைத் தொட்டா சுருக்குன்னு இழுக்குது தம்பி” என்று ஓர் அம்மா கூப்பிட்டார். போய் டெஸ்டரைக் குழாயில் வைத்தேன், எரிந்தது. மெயினை அணைத்துவிட்டு டி.பி. பெட்டியைத் திறந்தேன். 40 ஆம்பியர் (அது தாங்கும் கரண்ட்), 30 மில்லி ஆம்பியர் (அதை விழவைக்கும் கசிவு) என்று அச்சிட்ட ஆர்.சி.சி.பி. ஒன்று லீவர் மேலே தூக்கியபடி இருந்தது. பார்க்கிற யாருக்கும் அது வேலை செய்வதாகத்தான் தோன்றும். முன்மூடியைக் கழற்றினால், அதன் மேல் முனையிலும் இல்லை, கீழ் முனையிலும் இல்லை, ஒரு வயர்கூட இல்லை. வருகிற ஃபேஸையும் போகிற ஃபேஸையும் முறுக்கிச் சேர்த்து, கறுப்பு டேப் சுற்றி, பின்பக்கம் மடித்து வைத்திருந்தார்கள். நியூட்ரலும் அப்படியே. காவல்காரனை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, கதவைச் சுவரின் மறுபக்கம் வெட்டியது போல.

“போன மழைக்காலத்துல ஓயாம விழுந்துக்கிட்டே இருந்துச்சு. ஒருத்தர் வந்து சரிபண்ணிட்டுப் போனார். அதுக்கப்புறம் ஒரு நாள்கூட விழலை” என்றார் அந்த அம்மா. சரியாகிவிட்டது என்றே நம்பியிருந்தார்.

வாட்டர் ஹீட்டரைத் தனியே பிரித்து, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து, அதன் உலோக உடலுக்கும் அவற்றுக்கும் நடுவே இன்சுலேஷன் தடையை அளக்கும் மெக்கர் வைத்தேன். முள் 10 கிலோ ஓம் பக்கத்தில் நின்றது. எலிமென்ட்டின் உறை வெடித்திருந்தது. 230 வோல்ட்டை 10,000 ஓம் கொண்டு வகுத்துப் பாருங்கள், 23 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15-க்குக் கீழே விழவே கூடாது, 30-இல் கட்டாயம் விழ வேண்டும், நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழலாம் என்பதுதான் அதன் தர விதி. 23 என்பது அந்த நடுப்பகுதி. ஈரம் கூடினால் விழும், எலிமென்ட் சூடேறிக் காய்ந்தால் நிற்கும். ‘சும்மா விழுகிறது’ என்று சொன்னார்களே, சும்மா விழவில்லை. மழைக்காலம் முழுக்க அந்தக் கருவி ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. வந்தவர் முதலில் ஹீட்டர் பிளக்கில் எர்த் வயரைக் கழற்றியிருக்கிறார். தண்ணீர்க் குழாய் வழியாகக் கசிவு தொடர்ந்திருக்கும், அப்போதும் நிற்கவில்லை போலிருக்கிறது. பிறகு ஆர்.சி.சி.பி.யையே தாண்டிவிட்டார்.

அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ராத்திரி ஃபோன் வந்து, மூன்றாவது முறையாக அதே வீட்டுக்குப் போய், எங்கே கசிவு என்று பிடிபடாமல், வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க முடியாமல் நிற்கிற நிலை நம் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் கை தானாக டேப்பைத் தேடும். ஆனால் தோழர்களே, அந்த நிலை அன்றைக்கு ராத்திரி உண்டாவதில்லை. வயரிங் செய்த நாளில், எந்த ஆர்.சி.சி.பி. போடுவது என்று யோசிக்காமல் கைக்குக் கிடைத்ததைப் போட்டோமே, அன்றைக்கே உண்டாகிவிட்டது. பொருத்தமில்லாமல் தேர்ந்தெடுத்த ஆர்.சி.சி.பி. ஒன்று, தேவையில்லாமல் விழுந்து கடைசியில் கழற்றப்படும். இல்லையென்றால் விழ வேண்டிய நேரத்தில் விழாமல் நிற்கும். இரண்டிலும் வீட்டில் இருப்பவருக்குப் பாதுகாப்பு இல்லை.

அது வேலை செய்யும் விதம் உங்களுக்குத் தெரியும். ஃபேஸும் நியூட்ரலும் ஒரே வளையத்துக்குள் நுழைந்து போகின்றன. போனது முழுவதும் திரும்பி வந்தால் வளையத்தில் காந்தப்புலம் ஒன்றையொன்று அழித்துவிடும். போனதில் கொஞ்சம் எர்த் வழியாகவோ ஒருவர் உடல் வழியாகவோ வேறு பாதை பிடித்தால், அந்த வித்தியாசம் வளையத்தில் சுற்றிய சிறு சுருளில் மின்னழுத்தத்தை உண்டாக்கும், ரிலே தட்டிவிடும். இதில் நம்மில் பலருக்கே ஒரு குழப்பம் உண்டு. ‘30 மில்லி ஆம்பியர் போட்டிருக்கோம், 30-க்கு மேல உடம்புல பாயாது’ என்று வீட்டுக்காரரிடம் சொல்கிறோம். அது தவறு. எவ்வளவு பாயும் என்பதை உடலின் தடைதான் முடிவு செய்யும். ஈரக் கையும் ஈரக் காலுமாக 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால் 230 மில்லி ஆம்பியர் பாயும். ஆர்.சி.சி.பி. அந்த அளவைக் குறைப்பதில்லை, நேரத்தைத்தான் வெட்டுகிறது. குறித்த அளவுக்குச் சமமான கசிவில் 0.3 விநாடிக்குள், ஐந்து மடங்கில், அதாவது 150 மில்லி ஆம்பியரில், 0.04 விநாடிக்குள் துண்டிக்க வேண்டும். ஒரு இதயத் துடிப்புக்கு ஏறக்குறைய 0.8 விநாடி. அதில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் கரண்ட் நின்றுவிடுகிறது. ஷாக் அடிக்கும், வலிக்கும், ஆனால் இதயம் தாளம் தப்புவதற்கு முன் நின்றுவிடும்.

ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் விழுகிற எம்.சி.பி. இந்த வேலையைச் செய்யாது என்பதையும் வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. 10 ஆம்பியர் ‘சி’ ரக எம்.சி.பி. உடனே விழ 50 முதல் 100 ஆம்பியர் வேண்டும். ஒரு உயிரை எடுக்க அதில் ஆயிரத்தில் சில பங்கு போதும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சார்லஸ் டால்ஸியல் என்ற பேராசிரியர், தாமாக முன்வந்தவர்களின் கையில் சிறுகச் சிறுக மின்சாரம் கொடுத்து, பிடித்த கம்பியை எந்த அளவு வரை விட முடிகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதைத் தாண்டினால் தசை இறுகிக்கொள்ளும், கை விடாது. பிறகு 1961-இல் கசிவைக் கண்டதும் துண்டிக்கிற கருவியையும் அவர் வடிவமைத்தார். அமெரிக்க வீடுகளில் இன்றும் 4 முதல் 6 மில்லி ஆம்பியரில் விழுகிற கருவிதான் இருக்கிறது. உலகின் பெரும்பகுதி 30-ஐ ஏற்றுக்கொண்டது, நேரத்தை வெட்டினால் போதும் என்ற கணக்கில். ஆக 30 என்பது பாதுகாப்புக்கும் தொல்லையின்மைக்கும் நடுவே பார்த்துப் போட்ட கோடு. அதை நாம் இஷ்டத்துக்கு 100 ஆக்க முடியாது.

நான் ஆக்கியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரிய வீட்டுக்கு 63 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை மெயினுக்குப் பக்கத்தில் போட்டேன், மொத்த வீட்டுக்கும் அது ஒன்றுதான். கணினி வைத்த அறை ஒன்று, இரண்டு வாஷிங் மெஷின், ஹீட்டர்கள், தோட்டத்து விளக்குகள். வாரத்துக்கு இரண்டு முறை விழுந்தது. விழுந்தால் வீடு முழுக்க இருட்டு. நான் போய் அதைக் கழற்றி 100 மில்லி ஆம்பியர் மாட்டினேன். அதோடு தொல்லை நின்றது, எனக்கும் நல்ல பெயர். அந்த வீட்டில் ஒருவர் உடல் வழியாக 60, 70 மில்லி ஆம்பியர் போய்க்கொண்டே இருந்தாலும் அந்தக் கருவி அசையாமல் நிற்க முழு உரிமை உண்டு என்பது எனக்கு உறைக்கப் பல வருடம் ஆனது. 100, 300 மில்லி ஆம்பியர் கருவிகளுக்கு வேலை உண்டு, ஆனால் அது வேறு வேலை. 300 மில்லி ஆம்பியர் கசிவு ஒரே புள்ளியில் 69 வாட் சூடு தரும். தூசும் மரமும் பற்றிக்கொள்ள அது போதும், அதனால் தீத்தடுப்புக்கு 300 வரை அனுமதிக்கிறார்கள். மனிதர் தொடுகிற பிளக் பாயின்ட், குளியலறை, வெளிப்புறம் என்றால் 30 தான். சில இடங்களுக்கு 10-உம் உண்டு.

அப்படியானால் அந்த வீட்டில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? பிரித்திருக்க வேண்டும். கோளாறே இல்லாத வீட்டிலும் கசிவு உண்டு. மேசைக் கணினி, வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏ.சி. எல்லாவற்றிலும் மின் இரைச்சலை வடிகட்ட ஒரு ஃபில்டர் இருக்கிறது, அதன் கெப்பாசிட்டர்கள் எப்போதும் எர்த்துக்குக் கொஞ்சம் கசியவிடும். ஒரு கணினிக்கு 1 மில்லி ஆம்பியர் அளவில் வைத்துக்கொள்ளலாம். ஹீட்டர் எலிமென்ட்டுக்குள் இருக்கிற மெக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரம் இழுக்கும், நாள்கணக்கில் போடாமல் இருந்தால் முதல் சில நிமிடம் கூடுதலாகக் கசியும். நீளமான வயருக்கும் தன் பங்கு உண்டு. இப்படி எல்லாம் சேர்ந்து ஒரே ஆர்.சி.சி.பி.யின் கீழ் 12 மில்லி ஆம்பியர் நிரந்தரமாக ஓடினால், இன்னும் 3 கூடினாலே அது விழலாம். அதனால்தான், எந்தக் கோளாறும் இல்லாதபோது ஓடுகிற கசிவு, கருவியின் அளவில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறார்கள். 30 மில்லி ஆம்பியருக்கு 9.

இந்த 9 என்ற எண்ணை மட்டும் மறக்காதீர்கள். வயரிங் திட்டம் போடும்போதே எந்த ஆர்.சி.சி.பி.யின் கீழ் என்னென்ன வரும் என்று காகிதத்தில் கூட்டிப் பாருங்கள். முடிந்தால் ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் ஒரு ஆர்.சி.பி.ஓ. போடுங்கள், எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒரே உடலில் இருப்பது. செலவு கூடும். ஆனால் ஹீட்டர் கசிந்தால் ஹீட்டர் மட்டும் விழும். ஃபிரிட்ஜ் ஓடும், படிக்கட்டு விளக்கு எரியும், கோளாறு எங்கே என்று கருவியே விரல் நீட்டிக் காட்டும். அவ்வளவு முடியாத இடத்தில் இரண்டு மூன்று ஆர்.சி.சி.பி.யாகவாவது பிரியுங்கள். விளக்குகள் எல்லாவற்றையும் ஒன்றின் கீழ் மட்டும் வைக்காதீர்கள். குளியலறையில் ஷாக் அடித்தவர் இருட்டிலும் நிற்கக் கூடாது.

வேலை முடிந்ததும் அளந்து பாருங்கள். கசிவு அளக்கிற கிளாம்ப் மீட்டர் தனி, லோடு பார்க்கிற சாதாரண கிளாம்ப் மீட்டருக்கு மில்லி ஆம்பியர் தெரியாது. ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து வாய்க்குள் விட வேண்டும், எர்த்தை வெளியே விட வேண்டும். வளையத்துக்குள் ஆர்.சி.சி.பி. எதைப் பார்க்கிறதோ அதையே மீட்டரும் பார்க்கும். ஒவ்வொரு சர்க்யூட்டாக ஏற்றிக்கொண்டே போனால் எது எவ்வளவு கசிகிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனி வகை. இதைப் பற்றித்தான் உங்களிடம் அதிகம் பேச வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

ஆர்.சி.சி.பி. வாங்கும்போது நாம் ஆம்பியர் பார்க்கிறோம், மில்லி ஆம்பியர் பார்க்கிறோம், முகப்பில் இருக்கிற சின்ன அலைச் சின்னத்தைப் பார்ப்பதில்லை. ஒரு கட்டத்துக்குள் ஒரே ஒரு சைன் அலை (சீராக ஏறி இறங்கும் வளைவு) மட்டும் இருந்தால் அது ‘ஏசி’ வகை. அலைக்குக் கீழே பாதி அலைகள் கோடு போட்டது போல இருந்தால் ‘ஏ’ வகை. அவற்றோடு அதிர்வெண் கூடிய இன்னொரு அலையும் இருந்தால் ‘எஃப்’. அதோடு நேர்கோடும் விட்டுவிட்டுப் போகும் கோடும் சேர்ந்திருந்தால் ‘பி’. எம்.சி.பி.யில் ‘பி’, ‘சி’ என்று பார்க்கிறோமே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ‘பி’ ரக எம்.சி.பி. வாங்கிவிட்டு ‘பி’ வகைப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைத்தவரையும் பார்த்திருக்கிறேன்.

‘ஏசி’ வகை, சுத்தமான சைன் அலையாக வரும் கசிவை மட்டும் அறியும். பல்பும் ஃபேனும் சாதாரண ஹீட்டரும் இருந்த காலத்துக்கு அது போதுமாக இருந்தது. இன்றைக்கு ஒரு வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எல்.இ.டி. விளக்கின் டிரைவர், இன்வெர்ட்டர் வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏ.சி., இண்டக்‌ஷன் அடுப்பு, கணினி. எல்லாமே வருகிற ஏ.சி. மின்சாரத்தை, அதாவது திசை மாறி மாறி ஓடுவதை, முதலில் ஒரே திசையில் ஓடும் டி.சி. ஆக்கிவிட்டுத்தான் வேலை செய்கின்றன. அவற்றுக்குள் இன்சுலேஷன் பழுதானால் கசிவது சைன் அலையாக இருக்காது. பாதி அலையாக இருக்கும், அல்லது ஏற்ற இறக்கமே இல்லாத டி.சி.யாக இருக்கும்.

அந்த டி.சி. வளையத்துக்குள் போனால் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். வளையம் மாறுகிற காந்தப்புலத்தைத்தான் உணரும். டி.சி. மாறுவதில்லை, ஒரே பக்கமாக இழுத்துப் பிடிக்கும். வளையத்தின் இரும்பு அந்தப் பக்கமாக நிரம்பிப்போய்விடும். அதே நேரத்தில் வேறு அறையில், வேறு கருவியில், ஒரு குழந்தை ஃபேஸைத் தொட்டால் அந்த ஏ.சி. கசிவும் நிரம்பிய இரும்பில் அசைவை உண்டாக்காது. சுருளில் மின்னழுத்தம் வராது. ரிலே சும்மா இருக்கும். ஒரு பழுதான சாதனம் வீட்டில் இருக்கும் மற்ற எல்லாவற்றுக்குமான பாதுகாப்பையும் குருடாக்கிவிடுகிறது. இதில் எனக்கு மிகவும் பயம் தருவது, யாருக்கும் தெரியாது என்பதுதான். அந்தச் சாதனம் ஓடாத நேரத்தில் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் டக்கென்று விழும். எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

‘ஏ’ வகை பாதி அலைக் கசிவையும் பிடிக்கும், கூடவே 6 மில்லி ஆம்பியர் வரை சுத்த டி.சி. கலந்திருந்தாலும் தன் வேலையைச் செய்யும். ‘எஃப்’ வகை, சிங்கிள் ஃபேஸில் வேகம் மாற்றி ஓடும் மோட்டார்களின் கலப்பு அதிர்வெண்ணையும் பார்க்கும், 10 மில்லி ஆம்பியர் டி.சி. வரை தாங்கும். ‘பி’ வகை, சுத்த டி.சி. கசிவையே கண்டு துண்டிக்கும். மோட்டார் வேகத்தை மாற்றும் த்ரீ ஃபேஸ் டிரைவ், மின்மாற்றி இல்லாத சில சூரிய மின் இன்வெர்ட்டர், மின்வாகன சார்ஜர் இவற்றுக்கு அது தேவைப்படும். சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டி.சி.யைக் கண்டு துண்டிக்கிற ஏற்பாடு இருந்தால் ‘ஏ’ வகை போதும். இருக்கிறதா என்று அதன் கையேட்டைத் திறந்து பார்க்க வேண்டும், ஊகித்துக்கொள்ளக் கூடாது. இன்னொன்று, ‘பி’ வகையை ‘ஏ’ அல்லது ‘ஏசி’ வகைக்குக் கீழே மாட்டாதீர்கள். கீழே இருப்பது பொறுத்துக்கொள்ளும் டி.சி., மேலே இருப்பதைக் குருடாக்கிவிடும். சார்ஜருக்கான லைனை மெயினிலிருந்து தனியாக எடுத்துவிடுவதே நல்லது.

பிரிட்டனின் வயரிங் விதிநூல் 2022 திருத்தத்தில், டி.சி. கலப்பே இல்லாத நிலையான சாதனங்களுக்கு மட்டும் ‘ஏசி’ வகை என்று சுருக்கிவிட்டார்கள். எங்கே எந்த விதி இருந்தாலும் என் வேண்டுகோள் ஒன்றுதான். புதிதாக மாட்டும் எந்த வீட்டிலும் ‘ஏ’ வகைக்குக் கீழே இறங்காதீர்கள். இன்று பல்பு மட்டும் எரிகிற லைனில் நாளைக்கு என்ன செருகுவார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆம்பியர் விஷயத்தில் சிக்கல் குறைவு. ஆர்.சி.சி.பி. ஓவர்லோடையோ ஷார்ட் சர்க்யூட்டையோ பார்க்காது, ஆகவே அதற்கு முன்னால் இருக்கிற எம்.சி.பி.யின் ஆம்பியருக்குக் குறையாமல் அது இருக்க வேண்டும். 63 ஆம்பியர் எம்.சி.பி.க்குப் பின் 40 ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டினால், ஒரு நாள் அதன் முனைகள் கருகியிருக்கும்.

இரண்டு நிலையாகப் போடுகிறவர்கள் கவனிக்க: மெயினில் ஒன்று, கீழே 30 மில்லி ஆம்பியர் சில என்றால், மேலே இருப்பது தாமதமாக விழுகிற ‘எஸ்’ ரகமாகவும், மில்லி ஆம்பியரில் கீழே இருப்பதைப் போல மூன்று மடங்காவதாகவும் இருக்க வேண்டும். 300 ‘எஸ்’ போட்டால் சரியாக இருக்கும். மேலேயும் 30, கீழேயும் 30 என்றால் எது முதலில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது, மொத்த வீடும் இருண்டு பழி மறுபடி கருவி மேல் விழும்.

ஒரே ஆம்பியர், ஒரே வகை என்றாலும் உள்ளே இரண்டு விதம் உண்டு. ஒன்றில் கசிவு தரும் சக்தியைக் கொண்டே ரிலே தட்டும். மற்றொன்றில் நடுவே மின்னணுப் பலகை இருக்கும், அதற்கு ஃபேஸும் நியூட்ரலும் வேண்டும். வருகிற நியூட்ரல் எங்கோ அறுந்துவிட்டால் வீட்டில் எதுவும் எரியாது, ஆனால் ஃபேஸ் உயிரோடு இருக்கும். அந்த நேரத்தில் இரண்டாவது வகை வேலை செய்யாமல் போகலாம். கருவியின் பக்கவாட்டிலோ கையேட்டிலோ இருக்கும் படத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். முடிந்தவரை முதல் வகையைக் கேட்டு வாங்குங்கள். நான்கு முனை கொண்டதை சிங்கிள் ஃபேஸுக்குப் பயன்படுத்துவதானாலும் அதே படத்தைப் பார்க்க வேண்டும். டெஸ்ட் பட்டன் எந்த இரண்டு முனைகளுக்கு நடுவே இருக்கிறது என்று தெரியாமல் மாட்டினால் பட்டன் செத்துக் கிடக்கும்.

சரியாகத் தேர்ந்தெடுத்தும் விழுகிறது என்றால், பாதி நேரம் குற்றவாளி நியூட்ரல். படிக்கட்டு விளக்கு என்னை ஒரு முழு நாள் அலைக்கழித்திருக்கிறது. அந்த விளக்கைப் போட்டால் கீழ்த்தள ஆர்.சி.சி.பி.யும் மேல்தளத்ததும் சேர்ந்து விழும். கீழே சுவிட்ச், மேலே சுவிட்ச். ஃபேஸைக் கீழ்த்தள சர்க்யூட்டிலிருந்து எடுத்தவர், நியூட்ரலை மேலே பக்கத்தில் கிடைத்த பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார். ஒரு வளையம் வழியாகப் போன கரண்ட் இன்னொரு வளையம் வழியாகத் திரும்புகிறது, இரண்டுக்கும் கணக்கு உதைக்கிறது. ஆர்.சி.சி.பி. இல்லாத காலத்தில் இது யாருக்கும் உறுத்தாத பழக்கம். இனி ஒவ்வொரு ஆர்.சி.சி.பி.க்கும் தனி நியூட்ரல் பார் வையுங்கள், கடன் வாங்காதீர்கள். நியூட்ரலும் எர்த்தும் வீட்டுக்குள் எங்கும் தொடக் கூடாது.

எர்த்தைப் பற்றி ஒரு சொல். ‘ஆர்.சி.சி.பி. இருக்கே, எர்த் எதுக்கு’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எர்த் இருந்தால் கோளாறு வந்த நொடியிலேயே கசிவு எர்த்துக்குப் போகும், யாரும் தொடுவதற்கு முன்பே கருவி விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் கசிவுக்குப் பாதை கிடைக்க ஒருவர் வந்து தொட வேண்டும். அதன்பிறகுதான் விழும். டெஸ்ட் பட்டனுக்கு எர்த்தோடு சம்பந்தமே கிடையாது, எர்த் அறுந்து கிடந்தாலும் அழுத்தினால் விழும். அதனால் பட்டன் விழுந்ததைக் காட்டி வேலையை ஒப்படைக்காதீர்கள். எர்த் தொடர்ச்சியைத் தனியே பாருங்கள், ஆர்.சி.சி.பி. டெஸ்டரை பிளக் பாயின்டில் செருகி, பாதி அளவில் விழாமல் நிற்கிறதா, முழு அளவில் 0.3 விநாடிக்குள், ஐந்து மடங்கில் 0.04 விநாடிக்குள் விழுகிறதா என்று பாருங்கள். அந்த மீட்டர் இல்லாதவர்கள் நாலு பேர் சேர்ந்தாவது ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே நேரத்தில் இரு கைகளால் தொட்டவரை ஆர்.சி.சி.பி. காப்பாற்றாது. போனது முழுவதும் திரும்பி வருவதால் அதற்கு அவர் ஒரு பல்பு மாதிரிதான். இதையும் வீட்டுக்காரர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்த அம்மா வீட்டுக்கு என்ன செய்தேன் என்று சொல்லி முடிக்கிறேன். எலிமென்ட்டை மாற்றினேன், எர்த்தைத் திரும்பச் சேர்த்தேன், முறுக்கி வைத்த வயர்களைப் பிரித்து ஹீட்டருக்கு ஒன்று, பிளக் பாயின்ட்களுக்கு ஒன்று, விளக்குகளுக்கு ஒன்று என்று ‘ஏ’ வகை ஆர்.சி.பி.ஓ. மூன்று போட்டேன். எல்லாவற்றையும் ஓடவிட்டு அளந்தபோது எதிலும் 3 மில்லி ஆம்பியரைத் தாண்டவில்லை. அளவுகளையும் தேதியையும் டி.பி. கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டினேன். நீங்களும் ஒட்டுங்கள். அடுத்து வருகிறவருக்கு, விழுவது எதனால் என்று தேட அது ஒரு நூல்முனை.

பிறகு அவரைக் கூப்பிட்டு டெஸ்ட் பட்டனைக் காட்டினேன். உள்ளே இருக்கும் ரிலே நாள்பட அசையாமல் இருந்தால் ஒட்டிக்கொள்ளும், ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது அழுத்துங்கள், கையேட்டில் அதைவிடச் சீக்கிரம் என்று போட்டிருந்தால் அதன்படி அழுத்துங்கள் என்றேன். கையை நீட்டியவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

“அழுத்தினா விழுந்துருமே தம்பி?”

“விழணும்மா. விழலைன்னாதான் எனக்கு ஃபோன் பண்ணணும்.”

அழுத்தினார். டக்கென்று விழுந்தது. லீவரைத் தானே மேலே தூக்கிவிட்டு, மற்ற இரண்டையும் அழுத்திப் பார்த்தார்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்